எஸ்ஈலினக்ஸ் லேபிள்: சிஹெச்கானோடு நிறுத்தாதீர்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் சர்வர் வேலைக்கு வரும் பிள்ளைகள், அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். ரூட் ஆகாமல் கமாண்ட் அடிப்பது போன்றவை தானாகத் திருந்திவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்வது எஸ்ஈலினக்ஸ் பற்றி: எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு அது. கோப்பின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள டைப்பைப் பார்த்து முடிவெடுக்கும்; அதற்கான விதிகளின் தொகுப்புதான் பாலிசி.

சிஹெச்கான் (லேபிளை மாற்றும் கமாண்ட்) அடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. சிறு விவசாயிகளின் பச்சை இலை எடைக் கணக்கை அபாச்சி வெப் சர்வர் வழியாகக் காட்டும் பக்கம், /டேட்டா/எடை ஃபோல்டரில் இருந்தது. பாலிசியில் தனி விதி இல்லாத இடம் என்பதால், அங்கே கோப்புகளுக்கு டீஃபால்ட்_டி டைப்தான் கிடைக்கும். அபாச்சியால் அதைப் படிக்க முடியாது. அமைத்தவர் சிஹெச்கான் போட்டு, அபாச்சி படிக்கக்கூடிய எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி ஆக்கினார். பக்கம் திறந்தது. ரீபூட் செய்தும் திறந்தது. கிளம்பிப் போய்விட்டார்.

சிஹெச்கான் லேபிளைக் கோப்பின் மேலேயே எழுதுவதால் ரீபூட்டில் அழியாது. ஏமாறுவது இங்கேதான்: பாலிசிக்கு அந்த ஃபோல்டரைப் பற்றி எதுவும் தெரியாது. மழைக்காலத்தில் வேறொரு கோளாறுக்காக ஒருவர் /.ஆட்டோரீலேபிள் கோப்பை வைத்து (எல்லா லேபிளையும் பாலிசிப்படி மறுபடி ஒட்டச் சொல்வது) ரீபூட் செய்ய, எல்லாம் பழையபடி டீஃபால்ட்_டி. இலை மூட்டையோடு ஆட்கள் காத்து நிற்கிறார்கள், திரையில் 403 (அனுமதி இல்லை). ஓனர், பர்மிஷன், ஃபயர்வால் எல்லாம் சரி. எல்எஸ் -இசட் அடித்து லேபிளைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அன்றைய எடையை நோட்டில்தான் எழுதினார்கள்.

முதலில் பாலிசியில் விதியை எழுதுங்கள்:

செமனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி '/டேட்டா/எடை(/.*)?'

பிறகு ரெஸ்டோர்கான் -ஆர்வி /டேட்டா/எடை. முதல் கமாண்ட் கோப்புகளைத் தொடவே தொடாது. லேபிள் ஒட்டுவது இரண்டாவது. (/.*)? விட்டுப்போனால் விதி ஃபோல்டருக்கு மட்டும்தான், உள்ளே இருப்பவற்றுக்கு இல்லை. கிளம்பும் முன் ரெஸ்டோர்கான் -ஆர்என்வி அடியுங்கள். எதையும் மாற்றாமல், எது மாறும் என்று மட்டும் காட்டும். ஒரு வரிகூட வரக்கூடாது.

எம்வி (கோப்பை நகர்த்துவது)

வீட்டு ஃபோல்டரிலிருந்து நகர்த்திய கோப்பு பழைய லேபிளோடு வரும். சிபி போட்டு நகலெடுத்தால் போகுமிடத்து லேபிளை எடுத்துக்கொள்ளும்.

சிஹெச்மாட் 777 (எல்லாருக்கும் எல்லா பர்மிஷனும் கொடுப்பது)

லேபிள் தவறென்றால் இது உதவாது.

எஸ்ஈலினக்ஸை அணைப்பது

வேண்டாம். சோதிக்க பெர்மிசிவ் மோடு போதும்: வேலை நிற்காது, மறுப்பும் பதிவாகும்.

ஆடிட்2அலோ (மறுப்புப் பதிவிலிருந்து அனுமதி விதி எழுதித் தரும் கருவி) சொன்னதை அப்படியே ஏற்றுவது

லேபிள் தவறான கோப்புக்கு இதை ஓட்டினால், டீஃபால்ட்_டி கோப்புகள் எல்லாவற்றையும் அபாச்சிக்குத் திறந்துவிடும் விதியைத்தான் எழுதித் தரும். முதலில் ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசென்ட் அடித்து சமீபத்திய மறுப்புகளை எடுத்து, டிகான்டெக்ஸ்ட் (மறுக்கப்பட்ட கோப்பின் லேபிள்) என்ற இடத்தில் எந்த டைப் இருக்கிறது என்று படியுங்கள்.