ரெசிடென்சியில் ஓவியம் காட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியர்கள் சில வாரம் தங்கி வேலை செய்யும் ரெசிடென்சிக்கு விண்ணப்பத்தைக் கடைசி நேரத்தில் அனுப்பாதீர்கள், மங்கலான புகைப்படம் வைக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளே வந்த பிறகு, பார்வையாளர்களை உள்ளே அழைத்து ஓவியங்களைக் காட்டும் திறந்த ஸ்டுடியோ நாளை ஒட்டி நடப்பவைதான் என்னை உறுத்துகின்றன. எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைப் புதிதாக வரும் உள்ளூர் ஓவியர்களும் செய்கிறார்கள்.

காயாத ஓவியத்தை மாட்டுவது

முதல் வாரங்கள் யோசனையிலும் ஸ்கெட்ச்சிலும் கரைந்துவிடும். கடைசி வாரத்தில்தான் வேகம் பிடிக்கும். பெரிய கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் தடிமனாக அப்புவார்கள். பிறகு ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியாகும். எண்ணெய் வண்ணத்தில் ஆவியாகத் தண்ணீரே கிடையாது. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சே கையில் ஒட்டாத பதத்துக்கு வரச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அம்பர் என்ற மண் பழுப்பு வண்ணம் சீக்கிரம் இறுகும். டைட்டானியம் வெள்ளை தாமதிக்கும். தடித்த பூச்சு மேலே தோல் கட்டியிருந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் மெத்தென்றே இருக்கும்.

வெள்ளை மேல் வெள்ளையாக அடுக்கி ஓர் இளம் ஓவியர் வரைந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்தான் நின்றார்கள். முதல் நாளே விற்றது. வாங்கியவர் அவசரப்படுத்த, பபிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் ஓவியத்தில் படும்படி சுற்றி அனுப்பிவிட்டார். பிரித்தபோது ஓவியம் முழுக்க வட்ட வட்டத் தழும்பு. ஓரங்களில் வண்ணம் பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பணத்தை விடுங்கள், அப்படி ஓர் ஓவியம் போய்விட்டதே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி இரண்டு வாரம் அக்ரிலிக், கரி, தாள் வேலை என்று மாறிக்கொள்ளுங்கள். எண்ணெய்தான் வேண்டுமென்றால் சீக்கிரம் காய வைக்கும் ஆல்கைட் மீடியம் என்ற கலவையைச் சேர்த்து மெல்லிசாகப் பூசுங்கள், ஒரு நாளளவில் தொடும் பதத்துக்கு வந்துவிடும். விற்றுவிட்டால், "காய்ந்த பிறகுதான் தருவேன்" என்று வாங்குபவரிடம் நேராகச் சொல்லுங்கள். ஓவியத்தின் மேல் ஆசை உள்ளவர் காத்திருப்பார். இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். காய்ந்த அக்ரிலிக்கின் மேலும் பபிள் ராப் நேரடியாகப் படக் கூடாது. வெயில் சூட்டில் அக்ரிலிக் இளகும்.

படிக்காமல் போடும் கையெழுத்து

ஓர் ஓவியத்தை விட்டுச் செல்லும்படி பல ரெசிடென்சிகள் கேட்கும். அது நியாயம். ஆனால் ஓவியத்தைக் கொடுப்பது வேறு, பதிப்புரிமையைக் கொடுப்பது வேறு. காலண்டரிலும் பையிலும் அச்சிடும் உரிமை அதே வரியில் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். போகக் கூடாதென்றால் அதை எழுத்தில் கேளுங்கள். பொருளாதார உரிமைகளைக் கைமாற்றிய பிறகும் 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை.

நீர்வண்ணத்தின் மேல் ஸ்பாட்லைட்

வெளிறிவிடும். அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வெளிச்சத்தை நிறுத்திக்கொள்கின்றன.

வரைந்ததையெல்லாம் மாட்டுவது

வேண்டாம்.

ஓவியத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பிறகு அதைப் புகைப்படம் எடுப்பது

அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

பெயர்ச்சீட்டு

தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு.