ஆறாவது வாரத்தோடு கரையேறிவிடாதீர்கள்: ஹைட்ரோதெரபி குளமும் நாம் செய்யும் தவறுகளும்

லண்டனில் நம்மவர் வீடுகளில் மூட்டுவலிப் பேச்சு வந்தால் இந்த வசனம் எப்படியும் காதில் விழும்: "பிசியோ தண்ணிக்குள்ள இறங்கச் சொன்னவ. எனக்கு நீந்தத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்."

முதல் தவறு இதுதான். ஹைட்ரோதெரபி என்பது பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தர, வெதுவெதுப்பான நீருக்குள் செய்யும் பயிற்சிச் சிகிச்சை. அந்தக் குளத்துக்குப் போக நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் பெரும்பாலும் மார்பளவுதான், பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, பிசியோ பக்கத்திலேயே இருப்பார். தலைமுடிகூட நனையாது. நடப்பது, காலை மடக்கி நீட்டுவது, தோளைச் சுழற்றுவது, அவ்வளவுதான் வேலை. இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும். மார்பளவில் அது மூன்றில் ஒரு பங்காகும், கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. தரையில் அடியெடுத்து வைக்க மறுக்கும் முழங்கால் அங்கே நடக்கிறது என்றால் காரணம் இதுதான்.

அடுத்தது, சூடுதான் மருந்து என்று நினைப்பது. சூடு தசையைத் தளர்த்தும், வலியைக் கொஞ்சம் மறக்க வைக்கும். ஆனால் சிகிச்சை என்பது அந்த நேரத்தில் செய்யும் பயிற்சி. அதனால்தான் ஜக்கூஸி என்ற வெந்நீர்த் தொட்டியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் அது ஹைட்ரோதெரபி ஆகாது. இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றை வைத்தும் இந்தக் குழப்பம் உண்டு. அங்கே 1738-ல் தொடங்கப்பட்ட மருத்துவமனை ஒன்று வாதநோயாளிகளை அந்த நீரில் இறக்கியது உண்மை. இன்று சுற்றுலாப் பயணிகள் போகும் ஸ்பா 2006-ல் திறந்த வணிக இடம். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் சிகிச்சைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சாதாரண நீச்சல் குளமும் இதற்குச் சரிவராது. அங்கே தண்ணீர் 28 டிகிரி அளவில் இருக்கும். வேகமாக நீந்துகிறவருக்கு அது போதும், மெதுவாகக் கைகாலை அசைப்பவருக்குக் குளிரெடுத்துத் தசை இறுகிவிடும். ஹைட்ரோதெரபி குளம் 33 முதல் 36 டிகிரி வரை. எனவே போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு கட்டணம்" அல்ல, "தண்ணீர் எத்தனை டிகிரி" என்பதுதான். ஆனால் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்குக் கணக்கு தலைகீழ். சூடு அவர்களுடைய சோர்வையும் பார்வைக் கோளாறையும் தற்காலிகமாகக் கூட்டலாம், குளிர்ந்த குளமே மேல்.

இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன். என்.எச்.எஸ்.-ல் பொதுவாக ஐந்தாறு முறை, ஒவ்வொன்றும் அரைமணி நேரம் தருவார்கள். அப்புறம் டிஸ்சார்ஜ். நம்மவர்கள் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், மூன்று மாதத்தில் முழங்கால் பழைய நிலைக்குப் போய்விடுகிறது. இதில் வியப்பில்லை. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் பற்றி மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2016-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 13 ஆய்வுகளில் 1,190 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. நீர்ப்பயிற்சியால் பலன் உண்டு, ஆனால் அது சிறியது, குறுகிய காலத்துக்கானது என்பதே அதன் முடிவு. நிறுத்தினால் போய்விடும் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆகவே அடுத்த குளத்தைத் தேடும் வேலை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். கவுன்சிலின் நீச்சல் அட்டவணையில் மட்டும் தேடினால் பலவும் கண்ணில் படாது. சிறப்புப் பள்ளிகள் பலவற்றில் வெதுவெதுப்பான குளம் இருக்கிறது. மாலையிலும் வார இறுதியிலும் குழுக்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். முதுகெலும்பு வாதமான ஆக்சியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களுக்கு, அந்த நோயாளிகளுக்கென 1976-ல் தொடங்கிய நாஸ் (NASS) சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன. மருத்துவமனைக் குளத்திலேயே பிசியோவோடு மாலை வகுப்பு நடத்தும் கிளைகள் அவற்றில் உண்டு. இதெல்லாம் உங்கள் பிசியோவுக்குத் தெரிந்திருக்கும், நாம்தான் கேட்பதில்லை. கேட்கும்போதே பயிற்சிகளைப் படத்தோடு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். நீரில் இறங்கலாம் என்று தகுதிக் கடிதம் கேட்கும் குளங்களும் உண்டு, டிஸ்சார்ஜுக்கு முன்னால் அதையும் வாங்கிவிடுவது நல்லது.

இதே முதுகெலும்பு வாதத்துக்கு, என்.எச்.எஸ்.-க்குச் சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் நைஸ் (NICE) அமைப்பின் 2017 வழிகாட்டி ஹைட்ரோதெரபியைத் துணைச் சிகிச்சையாகப் "பரிசீலிக்க"ச் சொல்கிறது. மருத்துவரிடம் அதை எடுத்துச் சொல்லலாம். கட்டாயம் தர வேண்டும் என்று அதில் இல்லை, அதைக் காட்டிச் சண்டை போட்டால் எடுபடாது.

நோயை மறைப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் தவறு. "சொன்னால் இறங்க விடமாட்டார்கள்" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். கழுத்தளவு நீரில் இறங்கினால் கால்களிலும் வயிற்றிலும் இருந்து சுமார் 700 மில்லிலிட்டர் இரத்தம் நெஞ்சுப் பகுதிக்கு ஏறும். இதயம் பலவீனமானவருக்கு அது பெரிய சுமை. இதயக் கோளாறு, வலிப்பு, இரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கிளம்பும் முன் உள்ளங்காலைப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் புண் இருப்பது தெரியாது. வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை குளத்துப் பக்கம் போகக்கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்று கண்டுபிடித்திருந்தால் 14 நாள், அந்தக் கிருமி குளோரினுக்கு எளிதில் சாகாது. அப்புறம் தைலம். முழங்காலில் வலித் தைலமும் தலையில் எண்ணெயுமாக இறங்கினால் அவை குளோரினைத் தின்றுவிடும். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டே இறங்குங்கள். வெளியே வரும்போது உடல் திடீரென்று கனக்கும், தலை சுற்றலாம். கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருங்கள்.

கடைசியாக, குளத்தை மூடப்போவதாக அறிவிப்பு வரும்போது செய்யும் தவறு. கோவிட் காலத்தில் மூடிய மருத்துவமனைக் குளங்களில் சில திரும்பத் திறக்கவேயில்லை. "மூடாதீர்கள்" என்று கையெழுத்து வேட்டை நடத்தினால் மட்டும் போதாது. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டின் என்.எச்.எஸ். சட்டம், 242-ஆம் பிரிவு, சேவையை மாற்றும் முடிவுகளில் பயன்படுத்துவோரை ஈடுபடுத்தச் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு மருத்துவமனைக்கும் கவுன்சிலின் சுகாதாரக் கண்காணிப்புக் குழுவுக்கும் எழுதுங்கள். "பக்கத்து லெஷர் சென்டரில் குளம் இருக்கிறதே" என்று பதில் வந்தால், அங்கே தண்ணீர் எத்தனை டிகிரி, இறங்க முடியாதவரை இறக்கிவிடத் தூக்குகருவி உண்டா, பகலில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.