வேலூரில் மூன்று இரவு: முதலில் சனிக்கிழமையைக் குறியுங்கள்

என் கொழுந்தனார் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "அண்ணி, சனி ஞாயிறு வர்றோம். பொற்கோயில், ஏலகிரி, திருவண்ணாமலை மூணையும் முடிச்சிடலாமா?" மூன்றும் ஒன்றுக்கொன்று தூரம் தம்பி என்பேன். பொற்கோயில் ஊருக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது. ஏலகிரி மேற்கே 90 கிலோமீட்டர். திருவண்ணாமலை தெற்கே 80 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு நாளில் மூன்றையும் சேர்த்தால் பார்க்கப்போவது நெடுஞ்சாலையை மட்டும்தான்.

சத்துவாச்சாரியில் எங்கள் வீடு. உறவுக்காரர்கள் வந்து போகும் வீடு என்பதால் இந்தத் திட்டம் போடும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும், எனக்கும் அது பிடிக்கும். நான் சொல்வது இதுதான்: மூன்று இரவு வேலூரிலேயே தங்குங்கள். ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலையை இதில் சேர்க்கவே வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு முறை வரலாம்.

வெள்ளி மதியம் வந்து திங்கள் இரவு கிளம்புவது நல்லது. ஏன் என்றால், காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைகளில். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. பொற்கோயிலில் வெள்ளியும் ஞாயிறும் கூட்டம் நெரியும். இந்த மூன்றையும் பொருத்திப் பார்த்தால் நாட்கள் தாமாக அடுக்கி நிற்கும்: சனி மேற்கே, ஞாயிறு ஊருக்குள், திங்கள் வடக்கே போய்விட்டு மாலையில் பொற்கோயில்.

மாதம் என்றால் ஜனவரி, பிப்ரவரி. ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் காவலூரில் மேகம் மறைக்கும். பௌர்ணமியை ஒட்டிய வார இறுதியையும் விட்டுவிடுங்கள். நிலா வெளிச்சத்தில் நட்சத்திரம் மங்கும், கிரிவலத்துக்குப் போகிறவர்களால் பேருந்துகளும் நிரம்பிவிடும்.

ரயிலில் வருகிறவர்கள் காட்பாடி சந்திப்பில் இறங்க வேண்டும். சென்னையிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ் அடிக்கடி உண்டு, ஊருக்கு நடுவில் புகுந்து போகும். தங்குவதற்கு மட்டும் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளைத் தேடாதீர்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை அது. இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஜனங்கள் வந்து வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தத் தெருக்களில் கடைப் பலகைகள் வங்காளியில் இருக்கும், மீன் குழம்புச் சாப்பாடும் அவர்கள் ருசிக்கே கிடைக்கும். ஒருமுறை அங்கே நடந்து பாருங்கள், ஆனால் அறைகளை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். சத்துவாச்சாரி, காட்பாடி, புதிய பேருந்து நிலையம் பக்கம் குடும்பத்தோடு தங்க நல்ல இடங்கள் இருக்கின்றன. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் வாரங்களில் காட்பாடியில் அறை கிடைப்பது கஷ்டம்.

வெள்ளி மாலை வேறு எதுவும் வைத்துக்கொள்ளாமல் கோட்டைக்குப் போங்கள். அகழியில் தண்ணீர் நிற்கும் கோட்டையைத் தமிழ்நாட்டில் வேறெங்கே இவ்வளவு முழுசாகப் பார்க்க முடியும்? உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். பல காலம் மூலவரே இல்லாமல் கிடந்து, 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி வைத்த கோயில். எங்கள் பகுதிப் பெரியவர்கள் அந்த நாளைப் பற்றி இன்னும் பேசுவார்கள். கோபுரத்தைத் தாண்டியதும் இடது பக்கம் கல்யாண மண்டபம். எல்லோரும் யாளித் தூண்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். விதானத்தின் நடுவில் ஒரு தாமரை, அதைச் சுற்றி வட்டமாகக் கிளிகள், எல்லாம் தலைகீழாகத் தொங்கியபடி. கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். இருட்டுவதற்கு முன்னால் போனால்தான் அலகுகள் தெரியும்.

சனிக்கிழமைக்கு வண்டி வாடகைக்கு எடுத்துவிடுங்கள். இரவுத் திரும்பலுக்குப் பேருந்தை நம்ப முடியாது. காலையில் முதலில் விரிஞ்சிபுரம், பெங்களூரு சாலையில் 15 கிலோமீட்டருக்குள். "திருவாரூர் தேரழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த மதிலைப் பார்த்துவிட்டு, மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் உட்பிராகாரத்தில் மணிகாட்டும் கல்லைத் தேடுங்கள். மேலே அரைவட்டமாக எண்கள் வெட்டியிருக்கும். அதன் காடியில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. பிள்ளைகள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு நகரவே மாட்டார்கள். ஈர்க்குச்சி ஒன்று கையில் இருக்கட்டும். வெயில் வேண்டும், நடையும் திறந்திருக்க வேண்டும், அதனால் நண்பகலுக்கு முன்னால் போய்விடுங்கள்.

மதியத்துக்கு ஆம்பூர். பிரியாணி பற்றி ஒரே ஒரு வார்த்தை: ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள், புதிதாக தம் உடைத்த சட்டியிலிருந்து வரும். சீரக சம்பா அரிசி, அரைத்த காய்ந்த மிளகாயின் நிறம், கூடவே புளிப்பான கத்திரிக்காய், தயிர் வெங்காயம். கத்திரிக்காயை ஒதுக்காதீர்கள், அது இல்லாமல் ஆம்பூர் பிரியாணி முழுமையாகாது.

அப்புறம் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குள் ஏறினால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான். 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று 1977இல் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. பெரிய தொலைநோக்கியைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்கலாம். இரவில் மக்களுக்கு வானத்தைக் காட்டுவது சிறிய தொலைநோக்கியில். அந்தச் சிறிய கண்ணாடியிலேயே நிலாவின் குழிகளைப் பார்த்துவிட்டு என் மாமியார், "இத்தனை நாளா இதைப் பார்க்காம சோறு ஊட்டியிருக்கேனே" என்றார். அந்த வாரம் அனுமதி உண்டா, எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்வெட்டர், தண்ணீர், இரவுச் சாப்பாடு மூன்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ராத்திரி இறங்குவதால் அந்த வழி பழகிய ஓட்டுநராகக் கேட்டு எடுங்கள்.

ஏலகிரி? சின்னப் பிள்ளைகள் இருந்து, படகு போதும் என்றால் காவலூருக்குப் பதிலாகப் போகலாம். கவிஞர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய 14 கொண்டை ஊசி வளைவுகள் அழகுதான். ஆனால் வார இறுதியில் பெங்களூரு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஏற்காடு பார்த்தவர்களுக்கு நான் காவலூரைத்தான் சொல்வேன்.

ஞாயிறு தாமதமாக எழுந்தால் போதும். அருங்காட்சியகம் பார்த்துவிட்டு, கோட்டைக்கு வெளியே 1806 புரட்சியின் நினைவுத்தூணுக்குப் போங்கள். தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், திருநீறு, தாடி எதுவும் கூடாது என்று ஆங்கிலேயர் கட்டளை போட்டதால் ஜூலை 10 விடியும் முன்னே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி வந்து அன்றே அடக்கிவிட்டான். 1857க்கு அரை நூற்றாண்டு முந்தைய கதை. பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே நின்று சொல்லுங்கள். மாலையில் பாலாற்றங்கரை முத்துமண்டபம். இலங்கையில் கண்டியின் கடைசி அரசர் விக்கிரமராஜசிங்கர் சிறைப்பட்டு வந்து 1832இல் இங்கேயே இறந்தார், அவர் சமாதி அது. புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் பலர் கடந்து போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

திங்கள் காலை சீக்கிரம் வள்ளிமலை. மலையில் குடைந்த முருகன் சந்நிதி, அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். பக்கத்தில் மேல்பாடியில், ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக ராஜராஜ சோழன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாகக் கட்டிய கோயில். சின்னது, அமைதியானது. கால் பலம் இருந்தால் பொன்னை வழியாகச் சோளிங்கர் போகலாம். பெரிய மலைக்கு 1305 படி. 2024 மார்ச்சிலிருந்து ரோப் கார் ஓடுவதால் வயதானவர்களும் யோக நரசிம்மரைப் பார்த்துவிட்டு வர முடிகிறது. சோளிங்கர் போனால் திரும்பும்போது ஆற்காடு வழியாக வாருங்கள், மக்கன் பேடா வாங்க. ஜாமூன் என்று நினைத்து ஒரே வாயில் போட்டுக்கொள்ளாமல் இரண்டாகப் பிளந்து பாருங்கள், நடுவில் பொடித்த பருப்புகள் அடைத்திருக்கும். பாகு வடித்து டப்பாவில் கேட்டு வாங்கினால் பயணத்தில் ஒழுகாது.

மாலை நான்கு மணி வாக்கில் ஸ்ரீபுரம் பொற்கோயில். 2007இல் திறந்தது, சுமார் 1500 கிலோ தங்கம் போர்த்தியது. செல்போன், கேமரா உள்ளே கிடையாது, முழங்காலுக்கு மேல் ஏறும் உடையும் கூடாது. நட்சத்திர வடிவப் பாதையில் நிறைய நடக்க வேண்டும், மாமனார் மாமியாருக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். விளக்கு போடும் நேரத்தில் உள்ளே இருப்பது போல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு ரயில் என்றால் பெட்டிகளை வண்டியிலேயே வைத்துவிட்டு, நேரே காட்பாடிக்குப் புறப்படுங்கள். ஊரைக் குறுக்கே கடந்து கிரீன் சர்க்கிள் சாலைச் சந்திப்பு நெரிசலைத் தாண்ட வேண்டியிருப்பதால், ரயில் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பாவது ஸ்ரீபுரத்தை விட்டுக் கிளம்புங்கள்.