ஒரு கர்னலின் கடிதத்தை வாசிக்கும் முறை

எங்கள் ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் திப்பு சுல்தானைப் பற்றி நிறையத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றின் நகலைக் கையில் கொடுத்தால், "இதில் என்ன சார் இருக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நிறைய இருக்கிறது. எப்படி வாசிப்பது என்று ஒரே ஒரு கடிதத்தை வைத்துச் சொல்கிறேன். திப்புவோடு ஆங்கிலேயர் நடத்திய கடைசிப் போரின்போது, 1799 ஏப்ரல் 5 அன்று, ஆங்கிலேயப் படையின் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி தன் தளபதி ஜெனரல் ஹாரிஸுக்கு எழுதியது அது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர்தான் இந்த வெல்லெஸ்லி. அன்றைக்கு அவருக்கு வயது 29, ஹாரிஸுக்கு 53.

முதலில் தேதியையும் இடத்தையும் பாருங்கள். வேலூரிலிருந்து புறப்பட்ட ஹாரிஸின் படை நம் பாரமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்கு அன்றைய பெயர்) வழியாக வந்து, மார்ச் முதல் வாரத்தில் ராயக்கோட்டைப் பக்கமிருந்துதான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையின் முன்னால் போய் நிற்க ஒரு மாதம் ஆகிவிட்டது. பீரங்கியும் அரிசியும் சுமந்த மாடுகள் தீவனமில்லாமல் வழியெல்லாம் விழுந்ததுதான் பெரிய காரணம். அந்த வருடத்துக் கடிதங்களில் வீரத்தைவிட மாடும் அரிசியும்தான் அதிகம் வரும். தயவுசெய்து அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள். போர் எப்படி நடந்தது என்பது அங்கேதான் தெரியும்.

இனி கடிதம். சில வரிகள்தான். கோட்டைக்கு முன்னால் சுல்தான்பேட்டைத் தோப்பு. குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால்கள். அதற்குள் இருந்துகொண்டு திப்புவின் ஆட்கள் முகாமின் மேல் ராக்கெட் விடுகிறார்கள். அன்று இரவே தோப்பைப் பிடி என்பது உத்தரவு. வெல்லெஸ்லி எழுதுகிறார்: காவல் நிலையை எங்கே அமைக்கச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை, மதியத்துக்குமேல் முன்னணிக்கு வந்து காட்டினால் நல்லது, அதற்குள் என் படைகளைத் தயாராக வைக்கிறேன். அடுத்து, வாய்க்கால் கரையைப் பிடித்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் தோப்பு தானாகவே கைக்கு வந்துவிடும் என்று தோன்றுகிறது என்கிறார். கடைசியில், எதற்கும் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், நான் தயார் என்று முடிக்கிறார்.

இங்கே நிதானமாக இருங்கள். மரியாதை வார்த்தைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறதென்று பாருங்கள். உத்தரவு எனக்குப் புரியவில்லை என்பது ஒன்று. உங்கள் திட்டத்தைவிட என் யோசனை மேல் என்பது இன்னொன்று. கீழே இருக்கும் அதிகாரி மேலே இருப்பவரிடம் இதை நேராகச் சொல்ல முடியாது. அதனால் அந்தக் கடைசி வரிப் பணிவை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்காதீர்கள். முரண்பாடு அதற்கு முந்தின வரியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம், ஒரே கடிதத்தோடு நிறுத்தக்கூடாது. அன்றிரவு தாக்குதல் தோற்றது. இருட்டில் படை சிதறியது, சிலர் பிடிபட்டார்கள், வெல்லெஸ்லிக்கு முழங்காலில் லேசான அடி. நள்ளிரவு நெருங்கும்போது அவர் மிகவும் பதற்றத்தோடு ஹாரிஸின் கூடாரத்துக்கு வந்ததை ஹாரிஸே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மறுநாள் பகலில் அதே தோப்பு கைக்கு வந்தது. ஏப்ரல் 18 அன்று வெல்லெஸ்லி தன் அண்ணனுக்கு எழுதும்போது, பகலில் பார்த்து அறியாத பலமான இடத்தை இனிமேல் இரவில் தாக்க விடமாட்டேன் என்கிறார். அந்த அண்ணன் யார்? அப்போது சென்னையில் இருந்த கவர்னர் ஜெனரல் மார்னிங்டன் பிரபு. தளபதியிடம் அடக்கி வாசித்தவர் அண்ணனிடம் முடிவாகவே சொல்லிவிடுகிறார். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆனால் முதல் கடிதத்தைப் படிக்கும்போது அன்றிரவு நடந்ததை மறந்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். எழுதியவருக்கு அது தெரியாதே.

இந்தக் கடிதங்களில் ஆங்கில எழுத்தில் வரும் நம் ஊர்ப்பெயர்களுக்கு அகராதி தேவையில்லை, வாய்விட்டுப் படித்தாலே போதும். கிஸ்ட்னகெரி என்றால் கிருஷ்ணகிரி, ரயகொட்டா என்றால் ராயக்கோட்டை.

வெல்லெஸ்லியின் கடிதங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டன, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1799 பிப்ரவரி, மார்ச் மாதக் கடிதங்களை மட்டும் அச்செடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். படையில் யார் எங்கே நின்றார்கள், தண்ணீர் எங்கே, மாடு எந்தப் பக்கம் ஏறியிருக்கும் என்று மலைமேலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்கு முன் ஏறிவிடுங்கள், குடிதண்ணீர் கையோடு வேண்டும்.