மருந்துப் போத்தலைத் திறக்க முன் போனில் தேட வேண்டியவை: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

காலபோகம் தொடங்கிவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் எந்த வீட்டுக் கொட்டிலை எட்டிப் பார்த்தாலும் நாலைந்து பூச்சி, களை மருந்துப் போத்தல் நிற்கும். இது என்ன மருந்து என்று கேட்டால் கம்பனி வைத்த பெயரைச் சொல்வார்கள். எவ்வளவு ஆபத்து என்று கேட்டால், "கடைக்கார அண்ணை பயமில்லை எண்டு சொன்னவர்" என்று பதில் வரும். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவரும் போத்தலில் ஒட்டிய சிட்டையைத்தான் வாசித்திருப்பார், அதுவும் வாசித்திருந்தால்.

அந்தப் பதிலை நீங்களே எப்படித் தேடிக்கொள்வது என்றுதான் இங்கே சொல்லப் போகிறேன். வயல் மருந்துக்கு மட்டுமல்ல, அரிசி ஆலைக் களஞ்சியம், கராஜில் இருக்கும் பற்றறி அசிற், கிணற்றுக்குப் போடும் குளோரின் எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான். இரசாயனவியல் படித்திருக்கத் தேவையில்லை. பெரும்பாலான தகவல் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். வீட்டில் உயர்தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது ஏற்கெனவே மருந்தைக் குடித்துவிட்டார் அல்லது மூச்சு முட்டுகிறது என்றால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போத்தலையோ சிட்டையின் படத்தையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று தொண்டைக்குள் விரலை விடாதீர்கள். இந்தப் பதிவு அதற்கு முந்திய நேரத்துக்கானது.

படி 1: கம்பனிப் பெயரை விட்டு உள்ளே இருப்பதைப் பிடியுங்கள்

போத்தலின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது விற்பனைப் பெயர். அதைக் கூகிளில் போட்டால் விளம்பரமும் யூடியூப் காணொளியும்தான் வரும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வேறொரு பெயர் இருக்கும், பக்கத்தில் லீற்றருக்கு இத்தனை கிராம் என்றும் இருக்கும். அதுதான் செயற்படு பொருள், அதாவது பூச்சியையோ களையையோ கொல்கிற பொருள். ஒரே பொருளை ஏழெட்டுக் கம்பனிகள் ஏழெட்டுப் பெயரில் விற்கும். இரண்டு வெவ்வேறு மருந்து என்று நினைத்து ஒரே மருந்தை இரண்டு மடங்கு அடிப்பது இப்படித்தான் நடக்கிறது.

உதாரணத்துக்கு, நெல் வயலில் அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் அடிக்கிற எம்சிபிஏ (MCPA) என்ற களைகொல்லியை எடுத்துக்கொள்வோம். சிட்டையை வெளிச்சத்தில் வைத்து, நாலு பக்கமும் தெளிவாகப் படம் எடுங்கள். போத்தல் ஒருமுறை வயலுக்குப் போய் வந்தால் சிட்டை அழுக்காகி உரிந்துவிடும். அதனால் வாங்கிய அன்றே எடுத்துவிடுவது நல்லது.

படி 2: சிஏஎஸ் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு இரசாயனத்துக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற ஒரு பதிவெண் இருக்கிறது. அதுதான் சிஏஎஸ் (CAS) எண், இரண்டு கோடுகளால் பிரித்த மூன்று துண்டு எண். எம்சிபிஏக்கு 94-74-6. கிளைபோசேட்டுக்கு 1071-83-6. பற்றறியில் இருக்கும் சல்பூரிக் அமிலத்துக்கு 7664-93-9. பெயரை எழுத்துப் பிழையோடு அடித்தால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். எண்ணைப் போட்டால் நேரே அந்தப் பொருளுக்குப் போகலாம்.

சிட்டையில் இந்த எண் அநேகமாக இருக்காது. சிஏஎஸ் காமன் கெமிஸ்ட்ரி (CAS Common Chemistry) என்ற இலவசத் தளத்தில் செயற்படு பொருளின் பெயரை அடித்தால் கிடைக்கும்.

எண் சரிதானா என்று கையாலேயே சரிபார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கத்தையும் 1, 2, 3, 4 என்று பெருக்கிக் கூட்டுங்கள். 94-74-6இல் 4×1, 7×2, 4×3, 9×4. கூட்டினால் 66. அதன் கடைசி இலக்கம் 6, எண்ணின் கடைசி இலக்கமும் 6. சரி. பொருந்தவில்லை என்றால் எங்கோ தட்டச்சுப் பிழை, அல்லது யாரோ வாட்ஸ்அப்பில் பிழையான எண்ணை அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு சிறு சிக்கல். எம்சிபிஏ போன்றவை அமிலமாகவும் உப்பாகவும் விற்கப்படும். உப்புக்கு வேறு எண். சிட்டையில் சோடியம் உப்பு, பொட்டாசியம் உப்பு என்று இருந்தால் அந்தப் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள்.

படி 3: ஒரு பக்க அட்டையில் தொடங்குங்கள்

சிக்னல் ஒழுங்காக இல்லாத இடத்தில் பெரிய தளங்கள் திறக்காது, டேட்டாவும் போய்விடும். அதனால் முதலில் சர்வதேச இரசாயனப் பாதுகாப்பு அட்டைகளுக்கு (ICSC) போங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் (ILO) உலகச் சுகாதார அமைப்பும் சேர்ந்து தயாரித்தவை இவை, கிட்டத்தட்ட 1,700 பொருட்களுக்கு இருக்கின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தளத்தில் சிஏஎஸ் எண்ணைப் போட்டுத் தேடலாம்.

அட்டையின் அமைப்பு தொழிலாளருக்கென்றே போட்டது. மூச்சு, தோல், கண், வாய் என்று நாலு வரி. ஒவ்வொரு வரியிலும் என்ன செய்யும், எப்படித் தடுப்பது, பட்டுவிட்டால் என்ன முதலுதவி என்று மூன்று கட்டம். தீப்பிடித்தால் என்ன செய்வது, கொட்டினால் எப்படி அள்ளுவது என்பதும் அதே அட்டையில் இருக்கும். முதல் தடவை தேடுபவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து.

படி 4: ஆபத்துக் குறியீட்டை வாசியுங்கள்

அடுத்தது பப்கெம் (PubChem). அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் தளம், இலவசம். பழைய வழிகாட்டிகளில் டொக்ஸ்நெட் என்று ஒரு தளத்தைச் சொல்லியிருப்பார்கள். அது 2019 டிசம்பரில் மூடப்பட்டது, அதன் தகவலில் பெரும்பகுதி இப்போது பப்கெமில்தான் இருக்கிறது.

எண்ணைப் போட்டுத் திறந்ததும் பக்கம் நீளமாகப் போகும். பயப்படாமல் பாதுகாப்பும் ஆபத்தும் (Safety and Hazards) என்ற பகுதிக்கு நேரே இறங்குங்கள். சிவப்புச் சாய்சதுரத்துக்குள் படங்களும், எச் என்ற எழுத்தோடு மூன்று இலக்க எண்களும் இருக்கும். உலகப் பொது வகைப்படுத்தல் முறை இது. எச் 300 என்றால் விழுங்கினால் உயிராபத்து. எச் 302 விழுங்கினால் தீங்கு. எச் 314 தோலைச் சுட்டுவிடும். எச் 330 மூச்சில் போனால் உயிராபத்து. எச் 400 நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு, அதாவது குளத்திலும் வாய்க்காலிலும் மருந்து டாங்கியைக் கழுவாதே என்று அர்த்தம்.

எம்சிபிஏக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். உடம்பைப் பற்றியவை எச் 302, எச் 315 (தோல் எரிச்சல்), எச் 318. கடைசியில் இருப்பதுதான் முக்கியம்: கண்ணுக்குக் கடுமையான சேதம். நம் ஆட்கள் வாய்க்குத் துவாயைக் கட்டிக்கொள்வார்கள், சிலர் கையுறையும் போடுவார்கள். கண்ணாடி போட்டு மருந்து அடிப்பவரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? தெளிக்கும்போதைவிட, செறிவான மருந்தை மூடியில் அளந்து டாங்கிக்குள் ஊற்றும்போதுதான் கண்ணுக்கு ஆபத்து அதிகம்.

"போத்தலில் நிறப் பட்டி இருக்கே, அதைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. அந்த நிறம், பொருள் உடம்புக்குள் போனால் எவ்வளவு கடுமையான நஞ்சு என்ற கணக்கில் போடப்படுவது. சிவப்பு மிக மோசம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை. கண்ணைக் கெடுக்குமா, பல வருடம் அடித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தப் பட்டியில் தெரியாது.

இந்தப் பக்கத்தில் புதியவர்கள் வழுக்கி விழுகிற இடங்கள் மூன்று. வகை 1 என்றால் குறைந்த ஆபத்து என்று நினைப்பது முதலாவது. உண்மையில் 1தான் ஆகக் கடுமை, எண் கூடக் கூட ஆபத்து குறையும். பரிசோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவான எல்டி 50உம் (LD50) அப்படித்தான், எண் சிறிதாக இருந்தால் நஞ்சு பெரிது. மூன்றாவது, எச் குறியீட்டுக்குப் பக்கத்தில் நூற்றுவீதம் போட்டிருப்பார்கள். எத்தனை வீதம் பேர் பாதிக்கப்படுவார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. தகவல் கொடுத்த கம்பனிகளில் எத்தனை வீதம் அந்தக் குறியீட்டைச் சொன்னது என்பதுதான் அது.

படி 5: கம்பனியின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள்

இதுவரை பார்த்தது செயற்படு பொருளைப் பற்றி. போத்தலுக்குள் அது மட்டும் இல்லை, கரைப்பானும் வேறு சேர்மானங்களும் இருக்கும். சில வேளைகளில் மருந்தைவிடக் கரைப்பான்தான் மூச்சை அடைக்கும். முழுப் போத்தலைப் பற்றிச் சொல்வது எஸ்டிஎஸ் (SDS) என்கிற பாதுகாப்புத் தரவுத் தாள். விற்பனைப் பெயரோடு எஸ்டிஎஸ் என்று சேர்த்துத் தேடினால் பிடிஎவ் வரும். வராவிட்டால் சிட்டையில் இருக்கும் இறக்குமதியாளரிடம் கேளுங்கள்.

எல்லாத் தாளிலும் 16 பகுதிகள், எல்லாம் ஒரே வரிசையில். முழுவதையும் வாசிக்க வேண்டாம். 2 ஆபத்து, 4 முதலுதவி, 6 கொட்டினால், 7 வைத்தெடுக்கும் முறை, 8 கையுறையும் முகமூடியும், 10 எதோடு சேரக் கூடாது. இந்த ஆறும் போதும். பெயர் ஒன்றாக இருந்தும் வேறு நாட்டுத் தாளாக இருந்தால் உள்ளே இருக்கும் செறிவு மாறலாம். 3ஆம் பகுதியைச் சிட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 6: அது எதுவாக மாறும் என்று தேடுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகமானோர் தவறவிடுகிறார்கள். நெல் களஞ்சியத்தில் வண்டுக்கு வைக்கிற அலுமினியம் பொஸ்பைட் குளிசையை எடுங்கள். எண் 20859-73-8. குளிசை பார்க்கச் சாதுவாக இருக்கும். ஈரம் பட்டால் பொஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். ஆகவே பொஸ்பீனையும், 7803-51-2, தேட வேண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் (NIOSH) கைநூலில் பார்த்தால், வேலை நேரம் முழுக்கச் சுவாசிக்கக்கூடிய சராசரி எல்லை 0.3 பிபிஎம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்த அளவு 50 பிபிஎம். அதாவது பத்து இலட்சம் பங்கு காற்றில் 50 பங்கு. மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பி உள்ளே போகக் கூடாது.

இதைத் தேடாதவர் குளிசை சிந்தினால் என்ன செய்வார்? வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவுவார். செய்யவே கூடாத வேலை அதுதான். குளிசை வைத்த களஞ்சியத்தில் யாரும் படுக்கக் கூடாது, ஒட்டிய அறையிலும் கூடாது.

இரண்டு பொருட்கள் கலந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க கமியோ கெமிக்கல்ஸ் (CAMEO Chemicals) என்ற தளம் இருக்கிறது, அமெரிக்கக் கடல் வளிமண்டல நிர்வாகத்தினுடையது. போனில் செயலியாக இறக்கினால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இரண்டு பொருளையும் தெரிவுசெய்தால் என்ன வாயு வரும் என்று எச்சரிக்கும். சோடியம் ஹைப்போகுளோரைட்டையும், 7681-52-9, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், 7647-01-0, போட்டுப் பாருங்கள். வெளுக்கிற திரவமும் ரொய்லட் கழுவுகிற அசிற்றும்தான் அவை. வருவது குளோரின் என்ற நச்சு வாயு.

கிளிநொச்சிக்குப் பக்கத்திலுள்ள பரந்தனில் குளோரின் ஒன்றும் புதுச் சாமான் இல்லை. ஆனையிறவு உப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது, போரோடு நின்றுபோனது. அதில் வேலை செய்த பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் ஒரு பின்னேரம் போய்க் கதையுங்கள். தளங்களில் இல்லாத விஷயமெல்லாம் வரும்.

படி 7: இலங்கையில் அனுமதி உண்டா என்று பாருங்கள்

வெளிநாட்டுத் தளங்கள் ஆபத்தைச் சொல்லும், நம் நாட்டுச் சட்டத்தைச் சொல்லாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவாளர் ஒருவர் இருக்கிறார். விவசாயத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்ப் பக்கமும் உண்டு, தடை செய்யப்பட்ட பொருட்களைப் பற்றி அங்கே தேடலாம். பரகுவாட், டைமீதோயேட், பென்தியோன் மூன்றும் 2008க்கும் 2011க்கும் இடையில் நிறுத்தப்பட்டவை. கிளைபோசேட்டை 2015இல் தடை செய்து பிறகு அந்தத் தடையை நீக்கினார்கள். ஆகவே பழைய பதிவு ஒன்றை வாசித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள், பக்கத்தின் திகதியைப் பாருங்கள்.

போனில் கேட்பது வசதி என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுக்கலாம். ஆலையிலோ தொழிற்சாலையிலோ கூலி வேலை செய்பவருக்கு, 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் இருக்கிறது.

படி 8: தேடியதைக் கொட்டிலுக்குக் கொண்டுவாருங்கள்

போனில் சேமித்து வைத்தால் அந்த நேரம் பார்த்துச் சார்ஜ் இருக்காது. ஒரு ஏ4 தாளில் தமிழில் எழுதுங்கள்: செயற்படு பொருளின் பெயர், சிஏஎஸ் எண், கண்ணில் பட்டால் என்ன, கொட்டினால் என்ன, எதோடு சேரக் கூடாது, 1990. போன் மொழிபெயர்ப்பை அப்படியே பிரதி பண்ணாதீர்கள். "தண்ணீர் ஊற்றக் கூடாது" என்பதில் அந்தக் "கூடாது" காணாமல் போனால் எல்லாம் தலைகீழ். எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

தேடும்போது தடை செய்யப்பட்ட பழைய போத்தல் ஏதாவது கொட்டிலில் அகப்பட்டால் வாய்க்காலில் ஊற்றவும் வேண்டாம், குப்பையோடு எரிக்கவும் வேண்டாம். மூடியை இறுக்கி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டுக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். கேட்கப் போகும்போது போத்தல் வேண்டாம், சிட்டையின் படம் போதும்.