ரொறன்ரோவில் குடியை நிறுத்த விரும்புவோர் தமக்கேற்ற கூட்டத்தைத் தெரிவுசெய்வது எப்படி

ரொறன்ரோப் பெரும்பாகத்தில், குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் ஒன்றுகூடும் கூட்டங்கள் வாரத்தின் ஏழு நாளும் நடைபெறுகின்றன. ஆகையால் புதிதாக வந்தவருக்குக் கூட்டம் ஒன்று கிடைப்பது கடினமல்ல. எதற்குள் நுழைவது என்பதுதான் குழப்பம். நம்மவர்கள் வழக்கமாகக் கேட்பவை இரண்டு: தமிழில் நடக்கிறதா, தெரிந்தவர்கள் யாரும் வருவார்களா. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும், வேலை முடிந்து பஸ் பிடித்து வாரந்தோறும் போய்ச்சேரக்கூடிய இடமா என்பதையே நான் முன்னால் வைப்பேன். ஸ்காபரோவில் இருந்துகொண்டு மிசிசாகாவில் நடக்கும் கூட்டத்தைத் தெரிவுசெய்பவர், எவ்வளவு நல்ல கூட்டமானாலும், முதற்பனியோடு போவதை நிறுத்திவிடக்கூடும்.

கூட்டத்தைத் தேடுமுன் உடலைக் கவனிக்க வேண்டியவர்களும் உண்டு. நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால், கைநடுக்கமும் வியர்வையும் மட்டுமன்றி, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதையொட்டி மனக்குழப்பமும் இல்லாததைக் காணும் நிலையும் ஏற்படக்கூடும். அப்போது தாமதியாமல் 911-ஐ அழைக்க வேண்டும். அந்த நிலை வராதிருக்க, முன்கூட்டியே குடும்ப வைத்தியரையோ, பரிந்துரைக் கடிதம் இல்லாமலே போகக்கூடிய, குடி மற்றும் போதைப்பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் ராம் (RAAM) கிளினிக்குகளையோ நாடலாம். குடியை விட உதவும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளைப் பற்றியும் அங்கு கேட்டறியலாம். மருந்து எடுப்பவர் உண்மையில் குடியை விட்டவரல்லர் என்று கூட்டத்தில் யாரேனும் சொன்னால், அந்த ஒரு விடயத்தில் வைத்தியரின் பேச்சையே கேளுங்கள்.

அதிகமாகக் காணப்படுபவை, 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கிய அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அமைப்பின் கூட்டங்கள். கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. வாடகைக்காகவும் தேநீருக்காகவும் ஒரு கூடை சுற்றிவரும். புதியவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை. ‘திறந்த’ கூட்டத்துக்கு யாரும் போகலாம், மனைவியையோ நண்பரையோ துணைக்கு அழைத்துச் செல்லலாம். ‘மூடிய’ கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமானது. ஆங்கிலம் முழுதாகப் பிடிபடாதவருக்கு, நூலை வாசித்து அலசும் கூட்டத்தைவிட, ஒருவர் தம் கதையைச் சொல்ல மற்றவர்கள் கேட்டிருக்கும் கூட்டமே எளிது. உங்கள் முறை வரும்போது பேச விரும்பாவிட்டால் ‘பாஸ்’ என்று சொன்னால் போதும். நீங்கள் பேசி முடித்ததும் யாரும் பதிலோ புத்திமதியோ சொல்லமாட்டார்கள். ஆளுக்கொரு ஆலோசனை கேட்டுப் பழகிய நமக்கு அது அலட்சியம்போலத் தோன்றும், ஆனால் அதுதான் அங்குள்ள ஒழுங்கு.

பெயர் பதியப்படுமோ, குடிவரவுக் கோப்பில் சேருமோ என்ற அச்சம் அகதிக் கோரிக்கையாளரிடம் மிகுதி. ஏ.ஏ. உறுப்பினர் பட்டியல் வைப்பதில்லை. முதற்பெயர் மட்டும் சொன்னால் போதும். உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று: 2018 டிசம்பர் 18 முதல் மதுபோதையில் வாகனம் ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டதால், அக்குற்றம் குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமானதாகக் கொள்ளப்பட்டு, நிரந்தர வதிவிட உரிமையையே பறிக்கக்கூடும்.

பல கூட்டங்கள் தேவாலய நிலவறைகளில் நடப்பதால் மதமாற்ற முயற்சியோ என்று ஐயுற வேண்டாம். குழு அந்த அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் ஏ.ஏ.யின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், சில கூட்டங்கள் பிரார்த்தனையோடு முடிகின்றன. தமக்கேற்ற இறைவனை மனத்தில் வைத்துக்கொள்ளும் சைவர்களுக்கு இது தடையாக இராது. நம்பிக்கை இல்லாதவருக்கு உறுத்தலாம். ரொறன்ரோவிலேயே இது பெரிய பிணக்காகி, கடவுள் பெயரை நீக்கிய குழுக்கள் 2011-இல் நகரக் கூட்டங்களின் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டு, மனித உரிமை முறைப்பாட்டின்பின் 2017-இல் மீண்டும் சேர்க்கப்பட்டன. ஆகவே அத்தகைய குழுவைத் தயங்காமல் கேட்கலாம். 1994-இல் உருவான ஸ்மார்ட் ரிக்கவரி முற்றிலும் வேறுவகை: உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டது, வழிநடத்துநர் இருப்பார், ஒருவரோடொருவர் கலந்துரையாடலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஏ.ஏ. குழுக்கள் நெடுங்காலமாக இயங்குகின்றன. இணையவழியில் தமிழ்க் கூட்டம் கிடைத்தால் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சென்னையில் இரவு 7 மணி, இங்கு கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30, இரவு வேலை செய்பவருக்கு வசதியான நேரம்தான். இருப்பினும் அதை மட்டும் நம்பியிராமல், நேரில் போகும் கூட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்பவர், தமிழ்க் கடைகள் நிறைந்த தெருவுக்கு இரண்டு பஸ் நிறுத்தம் அப்பால் தேடலாம். தமிழர் ஒருவர் அங்கே இருந்தாலும், அவர் வந்த காரணமும் உங்களுடையதே.

முதற்கூட்டம் பிடிக்கவில்லையென்றால் வேறு நாளில் வேறு இடத்துக்குப் போங்கள். ஒரே அமைப்பின் கூட்டங்களே குழுவுக்குக் குழு வேறுபடும். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும் உண்டு. எங்கு தொடங்குவதென்று தெரியாவிட்டால், 24 மணிநேரமும் இயங்கும் கனெக்ஸ் ஒன்ராறியோவை 1-866-531-2600 என்ற இலக்கத்தில் இலவசமாக அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். குடிப்பவர் வர மறுக்கும் வீடுகளில், மனைவியோ பெற்றோரோ, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்குமான அல்-அனொன் கூட்டங்களுக்குத் தாமாகவே போகலாம். அதற்கு அவர் குடியை விட்டிருக்க வேண்டுமென்பதில்லை.