பாட்டுக் கோப்புக்குள் பெயர் எழுதுதல்: டேக்குகளைப் படிப்பதும் திருத்துவதும்

ஒரே படத்தின் ஆறு பாடல்களைச் செல்பேசியில் ஏற்றிய பிறகு, பாட்டுச் செயலி அவற்றை நான்கு ஆல்பங்களாகப் பிரித்துக் காட்டுவதும், ஒரே பாடகர் பட்டியலில் ஐந்து இடங்களில் ஐந்து பேராக நிற்பதும் தமிழ்ப் பாடல்களைச் சேர்த்து வைத்திருக்கும் பலருக்கும் பழகிப்போன தொல்லைகள். பெரும்பாலான செயலிகள் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் டேக்குகளை, அதாவது பாடல், பாடகர், ஆல்பம் போன்ற விவரக் குறிப்புகளைப் படித்து, அவற்றைக் கொண்டே பாடல்களை அடுக்குகின்றன. ஆகவே கோப்பின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் குழப்பம் தீராது. டேக்கைத் திருத்தும் மென்பொருளைப் பழகிக்கொள்ள அரை மணி நேரம் போதும். எந்தப் பெயரை எந்தப் புலத்தில் (டேக்கில் ஒவ்வொரு விவரத்துக்கும் உரிய இடத்தில்), எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது என்று முடிவு செய்யத்தான் நேரம் பிடிக்கும் என்பதால், இந்தக் கட்டுரை அதற்கே அதிக இடம் கொடுக்கிறது.

கோப்புக்குள் இருப்பவை

எம்பி3 வடிவம் உருவானபோது பாடலின் பெயரை எழுதி வைக்க அதில் இடமே ஒதுக்கப்படவில்லை. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் கடைசியில் 128 பைட்டுகளை ஒட்டவைத்து, பாடல், பாடகர், ஆல்பம், குறிப்பு ஆகியவற்றுக்குத் தலா 30 பைட்டும், ஆண்டுக்கு 4 பைட்டும், வகைக்கு 1 பைட்டும் ஒதுக்கினார். எஞ்சிய 3 பைட்டுகள் இது டேக் என்று அறிவிக்கும் முத்திரை. இதுவே ஐடி3 டேக்கின் முதல் பதிப்பு. வகைக்குரிய ஒற்றை பைட்டில் ஓர் எண் மட்டுமே இருக்கும். அந்த வகைப் பட்டியலில் சுழிக்கு நேரே இருப்பது புளூஸ். மென்பொருள் அந்த இடத்தை நிரப்பாமல் சுழியாக விட்டுவிட்டால், நம் ஊர்ப் பழைய திரைப்பாடல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகையில் போய் உட்கார்ந்துவிடும். உங்கள் தொகுப்பில் காரணமில்லாமல் புளூஸ் என்று இருக்கும் பாடல்களில் பலவற்றின் வரலாறு இதுதான்.

1998இல் வந்த இரண்டாம் பதிப்பு கோப்பின் கடைசியிலிருந்து தொடக்கத்துக்கு இடம் மாறியது. நீள வரம்பு தளர்ந்தது. அட்டைப்படம், பாடல் வரிகள், பாடலாசிரியர் பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சட்டகங்கள் கிடைத்தன. தமிழ் போன்ற மொழிகளை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடாகிய யூனிகோடில் எழுதவும் வழி பிறந்தது. இன்று புழக்கத்தில் இருப்பவை இதன் 2.3, 2.4 ஆகிய உட்பதிப்புகள். டேக் பாட்டின் ஒலித்தரவுக்கு வெளியே இருப்பதால், அதை நூறு முறை திருத்தினாலும் ஒலியின் தரம் துளியும் குறையாது.

முதலில் படித்துப் பாருங்கள்

விண்டோஸில் கோப்பின் மேல் வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பகுதியைத் திறந்தால் முக்கியமான புலங்கள் தெரியும். ஆனால், ஒரே கோப்புக்குள் ஐடி3 முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும், சில வேளைகளில் ஏப் என்ற இன்னொரு வகை டேக்கும் சேர்ந்தே குடியிருக்கலாம் என்பதை அது சொல்லாது. எம்பி3டேக் என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்தால், டேக் என்ற தலைப்புள்ள பத்தியில் எந்தெந்தப் பதிப்புகள் உள்ளே இருக்கின்றன என்பது அடைப்புக்குறிக்குள் வரிசையாகத் தெரியும். கணினியில் திருத்திய பெயர் வண்டியின் ஸ்டீரியோவில் மட்டும் பழையபடியே தெரிகிறது என்றால், அந்த ஸ்டீரியோ நீங்கள் தொடாத வேறொரு டேக்கைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வேண்டாத டேக்கை நீக்குவதே அதற்கு மருந்து.

தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை எழுத்துகள் தெரிந்தால், அது என்ன குப்பை என்று ஒரு கணம் உற்றுப் பார்ப்பது பயன் தரும். தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ எழுத்தும், அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வந்தால், உள்ளே இருப்பது நல்ல யூனிகோட் தமிழ்தான். அதை ஐரோப்பிய எழுத்தாகப் படிக்கும்படி டேக்கில் தவறான குறிப்பு இருக்கிறது, அவ்வளவே. குறியீட்டை மாற்றும் வசதியுள்ள மென்பொருளால் இதை மீட்டுவிடலாம். வேறு வகையான விசித்திர எழுத்துகள் தெரிந்தால், அது டிஸ்கி, டாப் போன்ற பழைய தமிழ்க் குறியீடுகளில் ஒன்றாக இருக்கக்கூடும். அதை நகலெடுத்து ஓர் எழுத்துரு மாற்றியில் ஒட்டிப் பார்க்கலாம். வெறும் கேள்விக்குறிகளாக மட்டும் இருந்தால் மூல எழுத்துகள் அழிந்துவிட்டன என்று பொருள். மீண்டும் தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை.

எந்தப் பெயர் எந்தப் புலத்தில்?

ஐடி3 போன்ற டேக்குகள் மேற்கத்திய பாப் இசையை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. ஒரு குழு, அதன் ஆல்பம், அதில் பத்துப் பாடல்கள் என்ற கணக்கு அங்கே சரியாகப் பொருந்தும். தமிழ்த் திரைப்பாடலிலோ ஒரு படத்தின் ஆறு பாடல்களை ஒன்பது பேர் பாடியிருப்பார்கள், கேட்பவர் தேடுவது இசையமைப்பாளர் பெயரில், எழுதியவர் வேறொருவர். எல்லாப் பெயர்களையும் ஆர்ட்டிஸ்ட் புலத்துக்குள் திணிப்பதால்தான் ஆல்பம் சிதறுகிறது.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஆர்ட்டிஸ்ட் புலத்தில் அந்தப் பாடலைப் பாடியவர்கள் மட்டும். ஆல்பம் புலத்தில் படத்தின் பெயர், படத்தின் எல்லாப் பாடல்களுக்கும் ஓர் எழுத்துகூட மாறாமல். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் புலத்தில் இசையமைப்பாளர். கம்போசர் புலத்திலும் அவரே. லிரிசிஸ்ட் புலத்தில் பாடலாசிரியர். பெரும்பாலான செயலிகள் ஆல்பத்தின் பெயரையும் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டின் பெயரையும் சேர்த்துப் பார்த்தே பாடல்களை ஒரு கட்டாகக் கட்டுகின்றன. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் புலம் காலியாக இருந்தால் அவற்றுள் பல ஆர்ட்டிஸ்ட் பெயரை வைத்துப் பிரித்துவிடும். ஆகவே, வேறு எதையும் திருத்த நேரமில்லாதவர் இந்த ஒரு புலத்தை மட்டும் நிரப்பினாலே தொகுப்பு பாதி ஒழுங்காகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஐடி3 விதிமுறையில் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்று ஒரு சட்டகமே கிடையாது. பக்கவாத்தியக் குழுவின் பெயருக்காக வைத்திருந்த சட்டகத்தை மென்பொருள்காரர்கள் இதற்குப் பயன்படுத்தத் தொடங்கி, அதுவே வழக்காகிவிட்டது.

ஆண்டுப் புலத்தில் படம் வெளிவந்த ஆண்டை எழுதுங்கள். குறுந்தகடு பிற்காலத்தில் வந்திருந்தால் அந்த ஆண்டு அதில் ஏறியிருக்கும். அதை அப்படியே விட்டால் 1965ஆம் ஆண்டுப் பாடல் 2003ஆம் ஆண்டுக்குப் போய்விடும்.

கர்நாடக இசைக்கு வேறு கணக்கு. ஆர்ட்டிஸ்ட் புலத்திலும் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் புலத்திலும் பாடகர் அல்லது வாத்தியக் கலைஞர் வர வேண்டும். கம்போசர் புலத்தில் வாக்கேயக்காரர், அதாவது பாடலை இயற்றி இசையமைத்தவர். ஆல்பம் புலத்தில் கச்சேரி நடந்த இடமும் தேதியும். ராகத்துக்கும் தாளத்துக்கும் டேக்கில் இடமில்லை. எம்பி3டேக்கில் ஆல்ட் விசையுடன் டி (T) விசையை அழுத்தினால் திறக்கும் பட்டியலில் ராகம் என்ற பெயரில் நாமே ஒரு புலத்தை உண்டாக்கிக்கொள்ளலாம். ஆனால் பல செல்பேசிச் செயலிகள் இத்தகைய சொந்தப் புலங்களைக் காட்டுவதில்லை. அதனால் பாடலின் பெயரோடு ஒரு கோடிட்டு ராகத்தையும் தாளத்தையும் சேர்த்து எழுதிவிடுவதே நடைமுறைக்கு உகந்தது. தோடியில் என்னென்ன இருக்கின்றன என்று தேடும்போது அந்தச் சொல் தலைப்பில் இருந்தால் போதும்.

எழுத்துக்கூட்டல் என்னும் பெரிய தலைவலி

எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முன்னெழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டும் விடாமலும், புள்ளி வைத்தும் வைக்காமலும், பாலசுப்பிரமணியம் என்று இகரம் சேர்த்தும், எஸ்பிபி என்று சுருக்கியும் எழுதப்பட்ட கோப்புகள் ஒரே கோப்புறையில் இருக்கும். நமக்கு ஒருவர், செயலிக்கு அத்தனை பேரும் வேறு வேறு ஆட்கள். எது சரியான வடிவம் என்பதைவிட, ஏதேனும் ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதையே கடைசிவரை எழுதுவது முக்கியம். நான் ஒரு சாதாரண உரைக் கோப்பில் நூற்றுச் சொச்சம் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் இன்னும் கொடியவை. கௌரிமனோகரி என்ற ராகத்தின் முதல் எழுத்தைப் பலர் கெகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி எழுதிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், தேடலில் ஒன்று மற்றொன்றைக் காட்டாது. கொகரத்தின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரு குறியீடுகளாகவும் எழுதலாம். ஸ்ரீ என்பதும் அப்படியே: யூனிகோடில் ஸகரத்தைக் கொண்டும் அதை எழுதலாம், ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம், வடிவம் ஒன்று, உள்ளிருக்கும் எண்கள் வேறு. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரு ஆல்பங்கள் சேர மறுத்தால் இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு கோப்பிலிருந்து பெயரை நகலெடுத்து மற்றவை எல்லாவற்றிலும் ஒட்டினால் தீர்ந்தது.

திருத்தும் வேலை

விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் எம்பி3டேக்கையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் பயன்படுத்துவோருக்குக் கிட்3 அதே வேலையைச் செய்யும். தொடங்குமுன் கோப்புறையை முழுவதுமாக வேறு வட்டில் நகலெடுத்து வையுங்கள். கோப்புப் பெயரிலிருந்து டேக்கை நிரப்பும் வசதியை ஒருமுறை நான் தவறான அமைப்பில் ஓடவிட்டு, நானூறு பாடல்களில் பாடகர் பெயர் இருந்த இடத்தில் தட எண்ணை (ஆல்பத்தில் பாடலின் வரிசை எண்ணை) எழுதிவிட்டேன். மென்பொருளை மூடிவிட்டுப் படுத்த பிறகு, மறுநாள் காலையில்தான் அது தெரிந்தது. நகல் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஒரு படத்தின் கோப்புகளை மட்டும் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் ஏ விசையை அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கப் பலகையில் எல்லாக் கோப்புகளிலும் ஒன்றாக இருக்கும் மதிப்பு அப்படியே தெரியும். வேறுபடும் புலத்தில் கீப் என்ற சொல் கோணக் குறிகளுக்குள் நிற்கும். இது நல்ல சோதனையும்கூட: ஆல்பம் புலத்தில் கீப் என்று வந்தால், ஏதோ ஒரு கோப்பில் பெயர் மாறுபட்டிருக்கிறது. பக்கத்திலுள்ள அம்புக்குறியைச் சொடுக்கினால் மாறுபட்ட வடிவங்கள் எல்லாம் பட்டியலாக விழும். சரியானதைத் தேர்ந்து, கண்ட்ரோலுடன் எஸ் விசையை அழுத்திச் சேமித்தால் எல்லாக் கோப்புகளிலும் ஒரே வடிவம் பதிந்துவிடும். கீப் என்று விட்ட புலங்கள் மாறாமல் இருக்கும். அதே பட்டியலில் பிளாங்க் என்று ஒன்று இருக்கிறது; அது புலத்தை வெறுமையாக்கிவிடும், கை தவறக் கூடாது. குறிப்புப் புலத்தில் பதிவிறக்கத் தளங்கள் எழுதி வைத்த விளம்பரங்களை ஒழிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

அதன் பிறகு பாடல்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பாடகர், பாடலாசிரியர் பெயர்களை நிரப்புங்கள். இருவர் பாடிய பாடலில் இரு பெயர்களுக்கிடையே சாய்கோடு போடாதீர்கள்; 2.3ஆம் பதிப்பில் சாய்கோடே பெயர்களைப் பிரிக்கும் குறி என்பதால், ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவைச் சில கருவிகள் இரண்டாகப் பிளந்து காட்டும். நான் காற்புள்ளி போட்டு எழுதுகிறேன். தனித்தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும் என்பவர்கள் எம்பி3டேக்கில் இரட்டைப் பின்சாய்கோடு இடலாம்.

சேமிக்கும் பதிப்பாக, யூனிகோடை எழுதும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-16 குறியீட்டுடன் கூடிய 2.3ஐத் தேர்ந்தெடுங்கள். 2.4 புதியதாக இருந்தாலும், பழைய ஸ்டீரியோக்களும் பென்டிரைவ் போட்டுக் கேட்கும் பெட்டிகளும் 2.3ஐயே நன்றாகப் படிக்கின்றன. இவற்றுள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை. அங்கே எவ்வளவு சரியாக எழுதினாலும் கட்டங்கள்தான் தெரியும். அந்தப் பெட்டிக்கென்று பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிய தனி நகல் ஒன்றை வைத்துக்கொள்வது, மூலத் தொகுப்பையே ஆங்கிலமாக்குவதைவிட நல்லது.

அட்டைப்படம் 600 பிக்சல் அளவுள்ள ஜேபெக் படமாக இருந்தால் போதும். அது ஒவ்வொரு பாடலுக்குள்ளும் தனித்தனியாகப் பதியப்படுவதால், 2 எம்பி படத்தை வைத்தால் பத்துப் பாடலுக்கு 20 எம்பி வீணாகும்.

எம்பி3 அல்லாத ஃப்ளாக், ஆக் ஒலிக்கோப்புகளில் ஐடி3க்குப் பதிலாக வோர்பிஸ் குறிப்புகள் என்ற முறை உள்ளது. அதில் எல்லாமே யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறை என்பதால் தமிழுக்குச் சிக்கலில்லை. ஆர்ட்டிஸ்ட் புலத்தையே இரண்டு, மூன்று முறை எழுதி ஒவ்வொரு பாடகரையும் தனியாகப் பதியலாம். வேவ் கோப்புகளில் டேக் எழுதுவதை நான் நம்புவதில்லை. அவற்றை இழப்பில்லாமல் ஃப்ளாக்காக மாற்றிவிட்டு எழுதுவது மேல்.

டேக்குகள் எல்லாம் சரியான பிறகே கோப்புகளுக்குப் பெயர் மாற்றுங்கள். கன்வெர்ட் பட்டியலில் டேக்கிலிருந்து கோப்புப் பெயரை உண்டாக்கும் வசதி இருக்கிறது. தட எண்ணை ஈரிலக்கமாக எழுதச் சொல்லுங்கள், இல்லையேல் சில கருவிகளில் 10ஆம் பாடல் 2ஆம் பாடலுக்கு முன்னே வந்து நிற்கும். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு கோப்புப் பெயர் பொதுவாக 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு எடுக்கும், உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். ஆகப் பெயருக்கு அதிகபட்சம் 85 குறியீடுகள் என்று ஆகிறது. பாடல், ராகம், தாளம், பாடகர், கச்சேரி நடந்த சபா எல்லாவற்றையும் கோப்புப் பெயரில் அடுக்கினால் நகலெடுக்கும்போது பிழைச்செய்தி வரும். தட எண்ணும் பாடலின் முதலடியும் அங்கே இருக்கட்டும், மற்றவை உள்ளே இருக்கின்றன.